கருவி விளக்க ஆவணமும் தமிழ் ஆவண மரபும்: போளூர் என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பெருமொழி மாதிரிகளை அடிப்படையாகக் கொண்ட செயற்கை நுண்ணறிவு முகவர்கள், மென்பொருள் கருவிகளைத் தாமே தேர்ந்து இயக்கும் நிலை 2022ஆம் ஆண்டிற்குப் பின் உருவாகியுள்ளது. அம்முகவர்கள் ஒரு கருவியைப் பற்றி அறிவது பெரும்பாலும் அதன் விளக்க ஆவணத்தின் வழியாகவே. இவ்வாவணம் எவ்வாறு எழுதப்பட வேண்டும் என்னும் வினாவைத் தமிழ் ஆவண வரலாற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. உடனிருக்கும் மாணாக்கனுக்காக எழுதப்பட்ட நூற்பா மரபும், அங்கு இல்லாத ஒருவருக்காக எழுதப்பட்ட கல்வெட்டு, செப்பேட்டு மரபும் வெவ்வேறு தெளிவு நெறிகளைக் கொண்டவை என்பதும், கருவி விளக்கம் இரண்டாம் மரபின் நெறியை வேண்டுவது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். கொடைக்கானல் மேல்மலையிலும் திருவண்ணாமலை மாவட்டத்திலும் வழங்கும் போளூர் என்னும் ஊர்ப்பெயர் இதற்கு ஆய்வுக்களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கருவி விளக்கம், செயற்கை நுண்ணறிவு முகவர், பாயிரம், உத்தரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ப்பெயர், ஒருங்குறி, போளூர்

முன்னுரை

திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தில், மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரை முதலிய மேல்மலை ஊர்களின் வரிசையில் போளூர் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. திருவண்ணாமலை மாவட்டத்தில், விழுப்புரம் – காட்பாடி இருப்புப்பாதையில் உள்ள மற்றொரு போளூர் ஒரு வட்டத்தின் தலைமையிடம். முன்னது மலையூர், மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் நிலப்பகுதியைச் சார்ந்தது. பின்னது கோடையில் வெயில் கொளுத்தும் சமவெளி நகரம். இரண்டிற்கும் இடையே இரண்டு பாகைக்கும் மேற்பட்ட அகலாங்கு வேறுபாடு உண்டு.

மேல்மலை உழவர் ஒருவர், தம் பூண்டுப் பயிருக்கு இன்றிரவு பனியால் கேடு வருமா என ஒரு செயற்கை நுண்ணறிவு முகவரிடம் கேட்பதாகக் கொள்வோம். முகவர் தன்னிடம் உள்ள வானிலைக் கருவியைத் தேர்கிறது. ‘போளூர்’ எனும் பெயரை அதற்கு அனுப்புகிறது. கருவி பெரிய ஊரின் வெப்பநிலையைத் திருப்பித் தருகிறது. அச்சம் இல்லை என முகவர் விடை கூறுகிறது. இந்நிகழ்வுத் தொடரில் கருவி பழுதாகவில்லை. முகவரின் மொழியறிவிலும் குறையில்லை. ‘ஊர்ப்பெயர் தந்தால் வானிலை தரும்’ என்று மட்டும் எழுதி நிறுத்திய விளக்கத்தில்தான் குறை உள்ளது. ஒரே பெயரில் ஊர்கள் பல இருந்தால் கருவி என் செய்யும் என்பதை அவ்வாவணம் கூறவில்லை.

இச்சிக்கல் கணினித் துறைக்கு மட்டும் உரியதன்று. எழுதியவர் அருகில் இல்லாத நிலையில், எழுத்து ஒன்றையே கொண்டு ஒருவர் செயற்பட வேண்டிய சூழலைத் தமிழகத்து ஆவண எழுத்தாளர்கள் பல நூற்றாண்டுகளாக எதிர்கொண்டுள்ளனர். அவர்கள் கண்ட வழிகளை இன்றைய தேவையோடு ஒப்புநோக்குவது இக்கட்டுரையின் நோக்கம். பழந்தமிழர் இன்றைய தொழில்நுட்பத்தை முன்னுணர்ந்தனர் என்னும் கூற்று இங்கு முன்வைக்கப்படவில்லை. ஒத்த சிக்கல்களுக்கு ஒத்த தீர்வுகள் தோன்றும் என்பதே ஒப்பீட்டின் அடிப்படை.

1. பெயரும் அடையாளமும்

இரு போளூர்களையும் வேறுபடுத்துவது இன்று மாவட்டப் பெயர் எனத் தோன்றலாம். ஆயின் மாவட்டப் பெயரும் நிலையானதன்று. திண்டுக்கல் மாவட்டம் 1985இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டம் 1989இல் உருவானது. அதற்கு முந்தைய அரசு ஆவணங்களிலும் ஆய்வு நூல்களிலும் மலைப் போளூர் மதுரை மாவட்டத்தினதாகவும், சமவெளிப் போளூர் வடஆர்க்காடு மாவட்டத்தினதாகவும் இருக்கும். ஆகவே ‘மாவட்டம்’ என்னும் அளவுரு எந்த ஆண்டின் பகுப்பைக் குறிக்கிறது என்பதும் விளக்கத்தில் இடம்பெற வேண்டிய செய்தியாகிறது.

வரலாற்று ஆய்வாளர்க்கு இதன் விளைவு நேரடியானது. முதலாம் இராசேந்திரனின் வெற்றிகளைக் கூறும் புகழ்பெற்ற திருமலைக் கல்வெட்டு, சமவெளிப் போளூருக்கு அண்மையிலுள்ள சமணத் தலத்தில் உள்ளது. பழனிமலைத் தொடரின் கற்பதுக்கைகளைப் பற்றிய ஆங்கிலேடும் நியூட்டனும் எழுதிய ஆய்வு, இந்தியத் தொல்லியல் துறையின் நினைவேட்டு வரிசையில் 1928இல் வெளிவந்தது. ‘போளூர் அருகிலுள்ள தொல்லியல் சான்றுகள்’ என ஒரு முகவரை வினவினால், சோழர் கல்வெட்டும் பெருங்கற்கால ஈமச்சின்னமும் ஒரே ஊரின் வரலாறாகப் பின்னப்பட இடமுண்டு. இணைப்பு நயமாக அமைந்துவிட்டால் பிழை கண்ணில் படுவதும் அரிது.

பெயரின் எழுத்து வடிவிலும் சிக்கல் உண்டு. ஒருங்குறியில் ‘போளூர்’ என்பது வழக்கமாக ஆறு குறியீட்டெண்களால் அமையும். ஓகார உயிர்க்குறியை ஒற்றைக் குறியீடாக எழுதாமல், ஏகாரக் கொம்பும் காலும் எனப் பிரித்து எழுதினால் ஏழு குறியீட்டெண்கள் ஆகும். இரண்டும் சமம் என ஒருங்குறித் தரம் கூறுகிறது. திரையிலும் வேறுபாடு தெரியாது. எனினும் இயல்பாக்கம் செய்யாத ஒரு தேடற்கருவிக்கு இவை இரு வேறு சொற்கள். உரோமன் எழுத்தில் எழுதும்போதோ ல, ள, ழ என்னும் வேறுபாடே மறைந்துபோகிறது.

இங்கு ஒரு வரலாற்று ஒப்புமை நினைக்கத்தக்கது. ஓலைச்சுவடிகளிலும் கல்வெட்டுகளிலும் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபடுத்தப்படாமல் எழுதப்பட்டன. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தமே இவ்வேறுபாட்டை எழுத்தில் நிலைபெறச் செய்தது. அதுவரை ‘பொ’ எனவும் ‘போ’ எனவும் படிக்கத்தக்க ஓர் எழுத்தை, சூழலறிந்த படிப்பாளர் தாமே தெளிந்துகொண்டார். எழுத்தின் குறையை அறிவுடைய படிப்பாளர் நிரப்புவார் என்னும் நம்பிக்கையிலேயே அம்முறை இயங்கியது.

2. ஆசிரியர் அருகிருக்கும் நூலும் அகன்ற ஆவணமும்

தமிழில் அறிவைத் தொகுத்துரைக்கும் எழுத்து இரு நிலைகளில் வளர்ந்தது எனலாம். முதலாவது நூற்பா மரபு. குறைந்த எழுத்தில் நிறைந்த பொருளை அடக்குவது நூற்பாவின் சிறப்பாகக் கருதப்பட்டது. இச்சுருக்கம் இயல்வதற்குக் காரணம், நூற்பாவை விரித்துரைக்க ஆசிரியர் உடனிருப்பார் என்பதே. மாணாக்கன் ஐயுற்றால் வினவலாம். ஆசிரியர் எடுத்துக்காட்டுத் தரலாம். நன்னூலின் பொதுப்பாயிரம் நூலின் இயல்போடு ஆசிரியர், மாணாக்கர் இயல்புகளையும் பாடஞ்சொல்லும், கேட்கும் முறைகளையும் வகுத்துரைப்பது இதனால்தான். நூல் தனித்து நிற்பதாக அம்மரபு கருதவில்லை.

இரண்டாவது, கல்வெட்டு மற்றும் செப்பேட்டு மரபு. கொடை ஒன்றைக் கல்லில் பொறிப்பவர், இன்னும் பிறவாத தலைமுறையைச் சேர்ந்த ஒருவர் அதைப் படித்து, அதன்படி நிலத்தை அளந்து, வரியை நீக்கி, விளக்கெரிக்க வேண்டும் என எதிர்பார்த்தார். அப்படிப்பாளர் எழுதியவரிடம் வினவ இயலாது. எனவே பொறிக்கும் வாசகமே எல்லா வினாக்களுக்கும் விடை கூற வேண்டியதாயிற்று.

இந்நெறியின் கூறுகள் மூன்று. முதலாவது, ஊரை அதன் உட்பிரிவு வரிசையோடு குறிப்பது. சோழ நாட்டு ஆவணங்களில் மண்டலம், வளநாடு, நாடு அல்லது கூற்றம், ஊர் என அடுக்கடுக்காக அடையாளம் தரப்படும். தொண்டை மண்டலத்தில் கோட்டம், நாடு, ஊர் என அமையும். உத்தரமேரூர் காலியூர்க் கோட்டத்துள் தன்கூற்றாக விளங்கியது என்பதை அதன் கல்வெட்டுகள் குறித்துச் செல்கின்றன. ஒரே பெயருடைய ஊர்கள் பலவாக இருந்த நாட்டில், வெறும் ஊர்ப்பெயர் ஆவணத்திற்குப் போதாது என்பதை எழுத்தர்கள் அறிந்திருந்தனர்.

இரண்டாவது, எல்லை கூறல். கொடை நிலத்தின் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு எல்லைகள் வாய்க்கால், வரப்பு, புற்று, மரம் ஆகியவற்றைச் சுட்டி வரிசையாகக் கூறப்பட்டன. ஆனைமங்கலம் என்னும் ஊரை நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு வழங்கிய செய்தியைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேடுகளில், பிடி சூழ்ந்து எல்லை காணப்பட்டமை பதிவாகியுள்ளது. எல்லைக்குள் அடங்குவன எவை, விலக்கப்படுவன எவை என்பனவும் இத்தகைய ஆவணங்களில் இடம்பெறுவதுண்டு.

மூன்றாவது, அளவுகோலைப் பெயரிட்டுக் கூறல். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், பொன் இவ்வளவு என்று கூறுவதோடு நிற்பதில்லை. பொன் ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுக்கப்பட்டதையும், மணிகள் தட்சிணமேருவிடங்கன் என்னும் கல்லால் நிறுக்கப்பட்டதையும், நெல் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கப்பட்டதையும் அவை குறிக்கின்றன. எண் ஒன்று பொருள்பெற வேண்டுமெனில் அலகு உடன்வர வேண்டும். இந்நெறி மறக்கப்பட்டபோது நேர்ந்ததற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. 1999இல் செவ்வாய்க் கோளை அடைந்த நாசாவின் காலநிலைச் சுற்றுக்கலம் அழிந்தமைக்கு, ஒரு மென்பொருள் ஆங்கில அலகிலும் மற்றொன்று மெட்ரிக் அலகிலும் விசைத்தாக்கத்தைக் கணக்கிட்டமையே காரணம் என விசாரணையில் தெரியவந்தது.

3. உத்தரமேரூர்: திருத்தி எழுதப்பட்ட நடைமுறை

ஒரு செயல்முறையை எழுத்தில் வரையறுப்பதன் அருமையை அறிய, உத்தரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு துணைபுரிகின்றன. அவன் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919இல், வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வழித் தேரும் முறை வகுக்கப்பட்டது. 14ஆம் ஆட்சியாண்டில், 921இல், அம்முறை மீண்டும் வகுத்துப் பொறிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குள் ஒரு சபை தன் நடைமுறை ஆவணத்தைத் திருத்தி எழுதியுள்ளது என்பதே இங்குக் கருதத்தக்கது.

முதற்கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60 வரை என அமைந்தது. இரண்டாவதில் 35 முதல் 70 வரை என மாறியது. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன் மனையில் எடுத்த வீடும் தகுதிகளாகக் கூறப்பட்டன. அரைக்கால் வேலியே உடையவராயினும் ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றவராயின் கொள்ளலாம் என விதிவிலக்கும் வரையறுக்கப்பட்டது. கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர்கள் விலக்கப்பட்டனர். கணக்குக் காட்டாதவரோடு அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர். உறவினர் என்பது யார் யாரைக் குறிக்கும் என்பதும் உறவுமுறை வாரியாக எண்ணிக் கூறப்பட்டது.

ஓலை எடுக்கும் முறை பற்றிய பகுதி இன்னும் நுட்பமானது. முப்பது குடும்புகளின் ஓலைகளும் குடும்பு வாரியாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்படும். குடத்தை எல்லோரும் காணுமாறு முதியவர் ஒருவர் உயர்த்திக் காட்ட வேண்டும். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுக்க வேண்டும். அக்கட்டு வேறொரு குடத்தில் இட்டுக் குலைக்கப்பட்ட பின், அதிலிருந்து ஓர் ஓலை எடுக்கப்படும். மத்தியஸ்தன் அதை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கியதை வாசிக்க வேண்டும். அங்கிருக்கும் பிறரும் வாசிக்க வேண்டும். விரல்களை விரித்து வாங்குக என்னும் குறிப்பு, ஓலையை மாற்றிவைக்கும் சூழ்ச்சிக்கு இடந்தராதபடி எழுதப்பட்டது என்பது வெளிப்படை.

இச்சபை நிலவுடைமை கொண்ட பிராமண ஆடவர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. எனவே இதனை இன்றைய பொருளில் மக்களாட்சி எனல் பொருந்தாது. ஆயினும் ஆவண எழுத்து என்னும் நோக்கில் இக்கல்வெட்டு உயர்தரமானது. தகுதி, விலக்கு, விதிவிலக்கு, செயல்வரிசை, முறைகேட்டைத் தடுக்கும் வழி ஆகிய அனைத்தும் இதில் உள. நல்லெண்ணம் கொண்ட படிப்பாளரை மட்டும் இது கருதவில்லை. விதியின் இடைவெளியைத் தேடுபவரையும் கருத்திற்கொண்டு எழுதப்பட்டுள்ளது.

4. கையேட்டிலிருந்து கருவி விளக்கம் வரை

மென்பொருள் விளக்க எழுத்தின் வரலாற்றில் 1971 நவம்பரில் வெளிவந்த யூனிக்ஸ் நிரலாளர் கையேடு ஒரு திருப்புமுனை. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய அக்கையேடு, ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பயன்பாட்டு வடிவம், விளக்கம், தொடர்புடைய கோப்புகள், பிழைச்செய்திகள், அறிந்த குறைகள் எனத் தலைப்பிட்டு எழுதியது. கருவியின் குறையை அக்கருவியின் ஆவணமே கூற வேண்டும் என்னும் வழக்கம் இதனால் நிலைபெற்றது. 2011இல் தோன்றிய ஸ்வாகர் வரையறையும், அதன் வழிவந்த ஓப்பன்ஏபிஐ தரமும், இணையச் சேவைகளின் உள்ளீடு, வெளியீடு ஆகியவற்றைப் பொறி படிக்கும் வடிவில் விவரிக்க வழிசெய்தன.

இவையனைத்திலும் இறுதிப் படிப்பாளர் மனித நிரலாளரே. ஆவணம் புரியாவிடில் அவர் சோதித்துப் பார்ப்பார், மூலநிரலைத் திறப்பார், உடன் பணிபுரிபவரை வினவுவார். மேலே கண்ட மாணாக்கன் நிலையை ஒத்தவர் அவர். ஆகவே மென்பொருள் ஆவணங்கள் நூற்பாவைப் போலச் சுருங்கி இருந்தபோதும் பணி நடந்தது.

2022 அக்டோபரில் வெளியான ரியாக்ட் ஆய்வு, மொழி மாதிரி ஒன்று சிந்தனையையும் செயலையும் மாறிமாறி நிகழ்த்திப் புறக்கருவிகளை இயக்க இயலும் எனக் காட்டியது. 2023 பிப்ரவரியில் மெட்டா ஆய்வாளர்களின் டூல்ஃபார்மர் வந்தது. அவ்வாண்டு சூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம் செயற்கூறு அழைப்பு வசதியை அறிமுகம் செய்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி எனப்படும் மாதிரிச் சூழல் நெறிமுறையை வெளியிட்டது. இம்முறைகளில் ஒரு கருவி, பெயர், இயல்பு மொழியில் அமைந்த விளக்கம், அளவுருக்களின் வரையறை என்னும் மூன்றின் வழியாக மாதிரிக்கு அறிமுகமாகிறது. மூலநிரல் மாதிரியின் பார்வைக்குப் பொதுவாக வருவதில்லை.

விளக்கத்தின் இன்றியமையாமையை ஆய்வுகளும் உறுதி செய்தன. கருவியைப் பயன்படுத்திய முன்மாதிரிகள் தரப்படாத நிலையிலும், நல்ல விளக்க ஆவணம் மட்டுமே மாதிரிகளைத் திறம்பட இயங்கச் செய்யும் என 2023இல் கூகுள் ஆய்வாளர்கள் பங்குபெற்ற ஓர் ஆய்வு காட்டியது. அவ்வாண்டே பெர்க்லியில் உருவான கொரில்லா ஆய்வு, மாதிரிகள் இல்லாத கட்டளைகளைப் புனைந்து எழுதுவதையும், உரிய ஆவணத்தைத் தேடி உடன் தந்தால் அப்புனைவு குறைவதையும் எடுத்துரைத்தது. ஆவணம் மௌனமாக உள்ள இடத்தில் முகவர் தயங்கி நிற்பதில்லை. ஏற்புடையதாகத் தோன்றும் ஒன்றை இட்டு நிரப்புகிறது. இவ்வகையில் அது புள்ளியற்ற ஓலையைப் படித்த புலவரைப் போன்றது. அப்புலவர்க்கு இருந்த சூழலறிவு மட்டும் அதற்கு உறுதியாக வாய்ப்பதில்லை.

5. பாயிரமும் கருவி விளக்கமும்

நூற்பா மரபிற்குள்ளேயே, அறிமுகமற்ற படிப்பாளரை நோக்கிய ஒரு பகுதி உண்டு. அதுவே பாயிரம். பவணந்தியார் கூறும் சிறப்புப்பாயிர இலக்கணத்தின்படி, நூலை ஆக்கியவர் யார், அது எதன் வழிவந்தது, எந்த எல்லையுள் வழங்குவது, அதன் பெயர் யாது, எம்முறையில் யாக்கப்பட்டது, எப்பொருளைக் கருதியது, யார் கேட்டற்குரியர், கேட்பதன் பயன் யாது என எட்டுச் செய்திகள் அதில் அமைய வேண்டும். காலம், களன், காரணம் ஆகியவற்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என நன்னூல் சுட்டுகிறது. நூலுக்குள் நுழையுமுன், இது தனக்குரிய நூலா என ஒருவர் முடிவுசெய்ய வேண்டிய செய்திகள் இவை.

பல கருவிகளிலிருந்து ஒன்றைத் தேர வேண்டிய முகவருக்குத் தேவைப்படுவனவும் ஏறத்தாழ இவையே. பெயர், பொருள், பயன் ஆகிய மூன்றையும் இன்றைய விளக்கங்கள் பெரும்பாலும் தருகின்றன. எல்லை, வழி, கேட்போர், காலம் ஆகியவை விடுபட்டுப் போகின்றன. தொல்காப்பியச் சிறப்புப்பாயிரம் வேங்கடத்தையும் குமரியையும் எல்லையாகச் சுட்டியது, அந்நூலின் விதிகள் எம்மொழிப் பரப்பிற்கு உரியன என்பதை வரையறுப்பதற்கே. கருவிக்கும் இத்தகைய எல்லை கூறப்பட வேண்டும்.

முன்னுரையில் கண்ட வானிலைக் கருவிக்கு இந்நெறிப்படி ஒரு விளக்கம் எழுதினால் அது பின்வருமாறு அமையலாம்:

தமிழ்நாட்டு ஊர் ஒன்றின் அடுத்த 48 மணிநேர வானிலைக் கணிப்பைத் தரும். கடந்தகால வானிலைக்கு இதனைப் பயன்படுத்தற்க. ஊர்ப்பெயரோடு மாவட்டமும் வட்டமும் கட்டாயம் தருக; மாவட்டம் இன்றைய நிருவாகப் பகுப்பின்படி அமைய வேண்டும். பெயர் தமிழ் ஒருங்குறியில், இயல்பாக்கப்பட்ட வடிவில் இருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டு: போளூர், கொடைக்கானல் வட்டம், திண்டுக்கல் மாவட்டம். இப்பெயரில் திருவண்ணாமலை மாவட்டத்திலும் ஓர் ஊர் உண்டு. மாவட்டம் தெரியாவிடில் ஊகிக்காமல் பயனரை வினவுக. வெப்பநிலை செல்சியசில் அமையும். கணிப்பு எந்த இடத்திற்குரியது என்பதும் அதன் உயரமும் விடையில் வரும். அவற்றைப் பயனருக்குக் கூறுக. ஊர் கிடைக்காவிடில் வெற்று விடை வரும். அதனை ‘அபாயம் இல்லை’ எனக் கொள்ளற்க.

இவ்விளக்கம் நீண்டதன்று. ஆயினும் பெயர் மயக்கம், அலகு, எல்லை, பிழைநிலை ஆகிய நான்கையும் இது தொட்டுச் செல்கிறது. இதன் இறுதித் தொடர் தனிக்கவனம் பெறத்தக்கது. செய்தி இன்மையும் இல்லை என்னும் செய்தியும் வேறு வேறு. இவ்வேறுபாட்டை ஆவணம் கூறாதபோது உறைபனியில் பயிர் கருகும் இழப்பு உழவருக்கே நேர்கிறது.

காண்டிகையுரைக்கு நன்னூலார் வகுத்த உறுப்புகளும் இங்கு ஒப்பிடத்தக்கன. கருத்து, பதப்பொருள், காட்டு ஆகியவற்றோடு வினாவும் விடையும் அதில் இடம்பெறுகின்றன. படிப்பாளர் எழுப்பக்கூடிய ஐயத்தை உரையாசிரியரே எழுப்பி விடை தருவது, ஆசிரியர் இல்லாத இடத்திலும் ஆசிரியரின் பணியை உரை செய்வதற்கான வழி. மேற்காட்டிய விளக்கத்தில் ‘மாவட்டம் தெரியாவிடில்’ என்னும் தொடர் அத்தகைய வினா விடையின் சுருங்கிய வடிவமே.

6. மிகையும் நம்பகமும்

தெளிவு என்பது நீளம் எனத் தவறாகக் கொள்ள இடமுண்டு. நூற்குற்றங்களுள் குன்றக் கூறலோடு மிகைபடக் கூறலையும் இலக்கண நூலார் வைத்தனர். நீண்ட உள்ளீட்டின் நடுப்பகுதியில் உள்ள செய்தியை மொழி மாதிரிகள் தொடக்கத்திலும் இறுதியிலும் உள்ளவற்றைப் போலப் பயன்படுத்துவதில்லை என 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பல கருவிகளின் நீண்ட விளக்கங்கள் ஒருங்கே தரப்படும்போது இன்றியமையாத எச்சரிக்கை நடுவில் புதைந்துபோகலாம். ஒத்த பயனுடைய இரு கருவிகள் வேறுபாடு கூறப்படாமல் அருகருகே நிற்பது மயங்க வைத்தல் என்னும் குற்றத்தின்பாற் படும்.

நம்பகம் மற்றொரு சிக்கல். கருவி விளக்கத்திற்குள் மறைமுகமான கட்டளைகளைப் புகுத்தி, முகவரைத் தவறான செயலில் ஈடுபடுத்தும் தாக்குதல் முறை 2025இல் கருவி விளக்க நஞ்சூட்டல் என்னும் பெயரில் கவனம் பெற்றது. விளக்கம் படிப்பவரைச் செயற்படச் செய்யும் ஆற்றலுடையது என்பதால், அதை எழுதியவர் யார் என்னும் வினா எழுகிறது. செப்பேடுகள் அரச முத்திரை பொறித்த வளையத்தால் கோக்கப்பட்டன. ஆவணங்களில் எழுதியவர், சான்றாவோர் பெயர்கள் இடம்பெற்றன. பொய்யாவணம் புனைந்தோரை உத்தரமேரூர்ச் சபை வாரியத் தகுதியிலிருந்து விலக்கியது. ஆக்கியோன் பெயரைப் பாயிரத்தின் உறுப்பாக வைத்ததன் பயன் இங்குப் புதிய பொருள் பெறுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

மென்பொருள் ஆவணங்கள் வினவவல்ல மனிதரைப் படிப்பாளராகக் கொண்டு வளர்ந்தவை. அதனால் நூற்பாவின் சுருக்கத்தை ஏற்றன. செயற்கை நுண்ணறிவு முகவரோ எழுத்தை மட்டும் கொண்டு செயற்படுவது. அதற்கு எழுதும் விளக்கம், கல்வெட்டு எழுத்தர் கைக்கொண்ட நெறியை, அதாவது இடத்தை வரிசைப்படக் குறித்தல், எல்லை கூறல், அளவுகோலைப் பெயரிடல், விலக்கும் விதிவிலக்கும் வகுத்தல் ஆகியவற்றை வேண்டி நிற்கிறது.

உத்தரமேரூர்ச் சபை இரண்டாண்டுகளில் தன் விதியை மீள எழுதியது போல, விளக்க ஆவணமும் பயன்பாட்டில் கண்ட பிழைகளின் வழித் திருத்தப்பட வேண்டியது. முகவர் தவறிய ஒவ்வோரிடமும், ஆவணம் எதைக் கூறாது விட்டது என்பதைக் காட்டும் சான்றாகும்.

தமிழ் ஊர்ப்பெயர்களும் தமிழ் எழுத்துருவும் கையாளப்படும் கருவிகளுக்கு, அவற்றின் இயல்பறிந்தவர்களே விளக்கம் எழுதுதல் தகும். குறியீட்டு இயல்பாக்கம், மாவட்டப் பிரிவினைகளின் காலம், ஒருபெயர்ப் பல ஊர்கள் ஆகியன பொதுக் கருவிகளை ஆக்குவோர் அறிய வாய்ப்பில்லாத செய்திகள். தமிழ்த்துறை, வரலாற்றுத் துறை, கணினித்துறை ஆகியவற்றின் கூட்டுப்பணிக்கு இது உரிய களம். ஒரே பெயர் கொண்ட தமிழக ஊர்களின் பட்டியலை, அவை காலந்தோறும் சார்ந்திருந்த நிருவாகப் பிரிவுகளோடு பொறி படிக்கும் வடிவில் தொகுப்பது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும். அத்தொகுப்பில் இரண்டு போளூர்களும் தத்தம் எல்லையோடு தனித்தனியே இடம்பெறும்போது, மேல்மலை உழவர் கேட்ட வினாவிற்கு மேல்மலையின் விடையே கிடைக்கும்.